மிதித்தால் மட்டும் கத்துகிறது

அன்புள்ள நண்பனுக்கு,

நாங்கள் நலம். நீ, என் தங்கச்சி, பிள்ளைகள் எல்லோரும் நலம்தானே? உன் கடிதம் மேசை மேலேயே கிடக்கிறது. இத்தனை நாள் பதில் போடாததற்கு மனசுக்குள் என்னென்ன சொல்லித் திட்டியிருப்பாய் என்று தெரியும். அதில் பாதி நான் உனக்குக் கற்றுக்கொடுத்ததுதான். காரணத்தைச் சொன்னால் சிரிப்பாய். என் காரில் ஒரு சத்தம்.

சிரித்தாயிற்றா? சரி, மேலே படி.

அப்பாவுக்கு இப்போது பரவாயில்லை, நடக்கிறார். பெரியவள் வேலையில் சேர்ந்துவிட்டாள். ரேடியோ ஒரு நாள் கூப்பிட்டான். அவனே பேசினான், அவனே சிரித்தான், அவனே வைத்துவிட்டான். வீட்டுச் செய்தி அவ்வளவுதான். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஆக்சிலரேட்டரை மிதித்தால் ‘கீச்’ என்று ஆரம்பிக்கும். இன்னும் மிதித்தால் குரல் ஏறும். காலை எடுத்த நொடியில் அடங்கிவிடும். முதல் கியரிலும் இரண்டாவதிலும் கொடுமை. நாலு, ஐந்துக்குப் போனால் வாயே திறக்காது. காலையில் எடுத்தவுடன் வராது, வண்டி நன்றாகச் சூடான பிறகுதான் வரும். மெக்கானிக் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அறவே வராது. வார்டன் வந்து நின்றால் மட்டும் வாயை மூடிக்கொள்ளுமே நம் விடுதி மின்விசிறி, அதே ரகம்.

உன் தங்கச்சி முதலில் பொறுமையாகத்தான் இருந்தாள். “வண்டி ஓடுதில்ல, விடுங்க” என்றாள். போகப்போக, “வண்டி கத்துறதுகூடப் பரவாயில்லை, அதைப் பத்தி நீங்க கத்துறதைத்தான் தாங்க முடியலை” என்றாள். உனக்கு என்னைத் தெரியாதா? சும்மா இருக்கும் ஓசையா, ஏதோ கழன்று விழப்போவதற்கு முன்னறிவிப்பா என்று தெரியாமல் எப்படிடா ஓட்டுவது?

பட்டறைக்குக் கொண்டுபோனேன். ஆள் வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. பானெட்டைத் தூக்கினார், “பெல்ட் சார்” என்றார். கீச்சென்றால் பெல்ட், கடகடவென்றால் சஸ்பென்ஷன். அவருடைய வைத்திய சாஸ்திரத்தில் இரண்டே பக்கம். பெல்ட் மாறியது, பணம் போனது, சத்தம் என்னோடு வீடு திரும்பியது. மறுபடி போனால் டென்ஷனர் என்றார். பிறகு ஆல்டர்னேட்டர் பேரிங் என்றார். விட்டால் ஒவ்வொரு பாகமாக மாற்றி எனக்குப் புது வண்டியே கொடுத்துவிடுவார் என்று பயந்து கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் நானே உட்கார்ந்து யோசித்தேன். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் தேடவே கூடாதுடா. எதோடு சேர்ந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். இன்ஜின் சுற்றும் வேகம், சக்கரம் சுற்றும் வேகம், இன்ஜின் இழுக்கும் பாரம் என்று மூன்று விஷயங்கள் இருக்கின்றன. மிதிக்கும்போது மூன்றும் சேர்ந்தே ஏறுவதால் நமக்கு எல்லாம் ஒன்றாகத் தெரிகிறது. அவற்றைப் பிரித்துவிட்டால் பாதி வண்டி சந்தேகத்திலிருந்து கழிந்துவிடும்.

வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, இன்ஜினை 3000 சுற்று வரை முறுக்கினேன். மூச்சு இல்லை. பெல்ட், வாட்டர் பம்ப், புல்லி, பேரிங் எல்லாம் அப்போதும் அதே வேகத்தில்தான் சுற்றிக்கொண்டிருந்தன. ஒரு வேளை சுமை போதவில்லையோ என்று ஏ.சி., விளக்கு எல்லாவற்றையும் போட்டுவிட்டு, பெல்ட்டின் வரிப்பக்கத்தில் கொஞ்சம் தண்ணீரும் தெளித்துப் பார்த்தேன். பெல்ட்டின் சத்தம் என்றால் தண்ணீருக்குப் பதில் சொல்லும். கொஞ்சம் அடங்கித் திரும்பவும் வந்தால் புல்லிகள் நேர்கோட்டில் இல்லை என்று அர்த்தம்; முன்னைவிட உரக்கக் கத்தினால் பெல்ட் வழுக்குகிறது. இங்கே ஈரம் பட்டும் ஒரு முனகல்கூட இல்லை. பாவம், பழைய பெல்ட். குற்றமில்லாமல் குப்பைக்குப் போனது.

அடுத்து, ஆளில்லாத நேர் சாலையில் 50-க்கு ஏற்றி, கிளட்சை மிதித்து, வண்டியைச் சும்மா உருளவிட்டேன். சக்கரம் முன்போலவே சுற்றுகிறது, சத்தம் போய்விட்டது. சக்கர பேரிங், பிரேக், டயர் எல்லாம் விடுதலை. சக்கரத்தின் சத்தம் என்றால் வேகத்தை வைத்துக் கணக்கே போட்டுவிடலாம், தெரியுமா? 60 கிலோமீட்டர் வேகத்தில் சாதாரண கார்ச் சக்கரம் நொடிக்கு ஒன்பது சுற்றுக்குப் பக்கமாகச் சுற்றும். கீச்சுகள் அந்தத் தாளத்தில் வந்தால் ஆள் அங்கேதான் இருக்கிறான். பின்சக்கரம் இழுக்கிற வண்டியில் நடுவே ஓடும் ஷாஃப்ட் அதைப்போல் மூன்று நாலு மடங்கு சுற்றும். அதன் ஜாயின்ட்டில் கிரீஸ் வற்றினாலும் கீச்சிடும், மூடியைச் சுற்றிச் செம்பொடி படிந்திருக்கும். என் வண்டியில் அந்த ஷாஃப்டே கிடையாது.

ஆக மிச்சம் பாரம். இன்ஜின் சக்கரத்தை முன்பக்கம் திருப்பும்போது, அதே விசையோடு தானும் பின்பக்கம் புரளப் பார்க்கிறது. முதல் கியரில் அதன் முறுக்குவிசை பத்துப் பன்னிரண்டு மடங்காகப் பெருகித்தான் சக்கரத்துக்குப் போகிறது. அத்தனையையும் எதிர்த்துப் பிடித்து நிறுத்துவது மூன்று நாலு ரப்பர் மவுண்டிங். ஐந்தாவது கியரில் அதே விசை மூன்று மடங்குதான். முதல் கியரில் அலறுவதும் ஐந்தில் வாய் மூடுவதும் ஏன் என்று இப்போது புரிகிறதா? எனக்குப் புரிந்தபோது ராத்திரி உன் தங்கச்சியை எழுப்பிச் சொன்னேன். அவள் சொன்ன பதிலை எழுத முடியாது.

இதற்கு நடுவே வீட்டில் ஒரு சண்டை. சத்தம் வலப்பக்கம் இருந்து வருகிறது என்று நான். இல்லை, இடப்பக்கம் என்று உன் தங்கச்சி. காலுக்குக் கீழே என்று பெரியவள். படித்துப் பார்த்தால் இதிலும் ஒரு கதை இருக்கிறது. கனத்த ஓசை என்றால், அது ஒரு காதுக்கு முந்தியும் மறு காதுக்குப் பிந்தியும் போய்ச் சேருவதை வைத்து மூளை திசை கண்டுபிடிக்கிறது. மெல்லிய கூர்மையான ஓசைக்கு, எந்தக் காதில் உரக்கக் கேட்கிறது என்பதுதான் அடையாளம். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஓசையில் ஆள் தடுமாறிவிடுகிறான். 1936-லேயே ஸ்டீவன்ஸ், நியூமன் என்ற இரண்டு பேர் ஹார்வர்டில் கட்டடத்தின் கூரைமேல் உயரமான நாற்காலி போட்டு ஆளை உட்காரவைத்துச் சோதித்திருக்கிறார்கள். 3000 ஹெர்ட்ஸ் வாக்கில்தான் தவறு மிக அதிகமாம். கைபேசியில் அதிர்வெண் காட்டும் செயலியைப் போட்டுப் பார்த்தேன். நம் கீச்சு சரியாக அந்தப் பக்கம்தான் நிற்கிறது. எங்கள் வீட்டுச் சண்டைக்குக் கூரைமேல் சாட்சி இருக்கிறது என்று சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்குப் பிறகு வருகிறேன்.

பெரியவளை ஸ்டீயரிங்கில் உட்காரவைத்தேன். கைப்பிரேக், கால்பிரேக் இரண்டும் இறுக்கமாக. முதல் கியர் போட்டு, கிளட்சைக் கொஞ்சமே விட்டு, உடனே மிதித்துவிட வேண்டும். நான் பானெட்டைத் திறந்துவைத்துப் பக்கவாட்டில் நின்றேன். நீ செய்து பார்ப்பதாக இருந்தால் வண்டிக்கு முன்னாலும் நிற்காதே, பின்னாலும் நிற்காதே. கிளட்ச் பிடித்ததும் இன்ஜினின் தலை பின்னால் துள்ளியது பார், ஒரு சாண் போய்விட்டதோ என்று பயந்துவிட்டேன். கூடவே ‘கீச்’. அதையே ரிவர்ஸ் கியரில் செய்யச் சொன்னேன். இன்ஜின் எதிர்ப்பக்கம் சாய்ந்தது, சத்தம் இல்லை. அங்கேயே பாதி ஜெயித்துவிட்டேன்.

வண்டி ஆறியதும் முன்பக்கத்தைத் தூக்கி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் வைத்துவிட்டு விளக்கோடு உள்ளே போனேன். புகைக்குழாயின் மேல் சூடு தடுக்க ஒரு தகடு மூடியிருக்கும். முழுக்கத் துரு, காய்ந்த சேறு. அதன் விளிம்பில் ஓரிடம் மட்டும், விரல்நகம் அளவுக்கு, இப்போதுதான் அரம் போட்டதுபோல் பளபளவென்று வெள்ளை. அதற்கு நேர் எதிரே, வண்டியின் குறுக்குச் சட்டத்தில் பெயின்ட் போய் அதே அளவுக்கு இன்னொரு வெள்ளை. இரண்டுக்கும் நடுவில் ஓர் அட்டை நுழையும் இடைவெளி. ஒரு மீட்டர் எஃகுக் குழாய் 300 டிகிரி சூடேறினால் மூன்றரை மில்லிமீட்டர் நீளும். காலையில் ஏன் கத்தவில்லை, சூடானதும் ஏன் கத்தியது என்பதற்குப் பதில் அந்த இடைவெளியிலேயே இருந்தது. உலோகமும் உலோகமும் சும்மா உரசினால் இவ்வளவு கூச்சல் வராது. ஒட்டி, இழுபட்டு, சட்டென்று வழுக்கி, மறுபடி ஒட்டி, இப்படி நொடிக்கு ஆயிரக்கணக்கில் நடந்தால்தான் வரும். வயலின் தந்தியில் வில்லும் இதைத்தான் செய்கிறது. இங்கே வித்வான் மட்டும் சரியில்லை.

தகட்டைக் கொஞ்சம் வளைத்துவிட்டால் அன்றைக்கே நிம்மதி. ஆனால் இத்தனை வருஷம் தொடாத தகடு இப்போது ஏன் தொடுகிறது? அடியில், இன்ஜினைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ளும் குட்டை மவுண்டிங்கில் ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினேன். ரப்பர் வாயைப் பிளந்தது. பாதிக்கு மேல் கிழிந்திருந்தது. மவுண்டிங்கை மாற்றினேன், தகடு தானாக விலகிக்கொண்டது. வளைக்கவே இல்லை.

இப்போது அந்தச் சந்தோஷம். சத்தத்தைக் கைபேசியில் பதிந்து வைத்திருந்தேன் அல்லவா? பெரியவளுக்குக் கேட்கவைப்பதற்காகக் காதில் வைத்துச் சரிபார்த்தேன். வலது காதில் கீச்சு கேட்டது. கை மாற்றி இடது காதில் வைத்தால் இன்ஜின் உறுமல் மட்டும்தான். கைபேசியில் கோளாறு என்று துடைத்தேன், அணைத்துப் போட்டேன். அப்புறம்தான் வயிறு கலங்கியது. எல்லாச் சத்தமும் எனக்கு வலப்பக்கமிருந்தே வந்தது, இடது காதுக்கு அந்தக் கீச்சு எட்டவே எட்டாததால்தான்.

டாக்டர் முதலில் குறும்பி எடுத்தார். எடுத்தும் தேறவில்லை. கண்ணாடிக் கூண்டில் உட்காரவைத்து 250-லிருந்து 8000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொன்றாகக் கேட்கவைத்தார்கள். வலது காதின் கோடு நேராகப் போகிறது. இடது காதின் கோடு 2000 தாண்டியதும் சறுக்கிக்கொண்டு இறங்குகிறது. வயசினால் என்றால் பெரும்பாலும் இரண்டு காதும் சேர்ந்தே மங்குமாம். ஒரு பக்கம் மட்டும் என்றால் காரணம் தேட வேண்டும் என்று ஸ்கேன் எழுதிக்கொடுத்தார். அந்த முடிவு வரும்வரை எனக்கு யாருக்கும் எழுதத் தோன்றவில்லைடா. கார்ச் சத்தத்தைக் காரணம் காட்டிவிட்டேன், அதுதான் சொல்லச் சுலபமாக இருந்தது. நேற்று முடிவு வந்தது. பயப்படும்படி ஒன்றும் இல்லை; வருஷத்துக்கு ஒரு தடவை காட்ட வேண்டும், அவ்வளவுதான். உன் தங்கச்சி அங்கேயே அழுதுவிட்டாள். நான் வண்டியில் ஏறி, சத்தமே இல்லாமல் முதல் கியரில் வீட்டுக்கு வந்தேன். பின்னால் வந்தவன் எல்லாம் ஹார்ன் அடித்தான்.

உன் விஷயத்துக்கு வா. நீ “என்ன?” “என்ன?” என்று கேட்பதை நாங்கள் இத்தனை நாளும் உன் திமிர் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். என் தங்கச்சி என்ன சொன்னாள் தெரியுமா? டி.வி.யை ஊர் கேட்க வைக்கிறாயாம், பேசினால் முணுமுணுக்காதே என்கிறாயாம். கேட்கிறது, வார்த்தை பிரியவில்லை, அதுதானே? ச, ஸ, ஃப எல்லாம் மேல் அதிர்வெண்ணில் இருக்கிறவை, அவைதான் முதலில் போகுமாம். கூண்டுக்குள் உட்கார அரை மணி நேரம்கூட ஆகாது. வலிக்காது. எனக்கு வலித்தது வேறு இடத்தில்.

உன் வண்டியில் கிளட்ச் மிதித்தால் ஏதோ ஊளை வருகிறது என்று எழுதியிருந்தாய். மிதிக்கும்போது வந்து, விட்டால் போனால், ரிலீஸ் பேரிங். நியூட்ரலில் காலை எடுத்தால் வந்து, மிதித்தால் போனால் கியர்பாக்ஸ் உள்ளே இருக்கிற பேரிங். இரண்டில் எது என்று பார்த்து எழுது. பார்க்காமல் யாராவது “பெல்ட் சார்” என்றால் சாவியைக் கொடுக்காதே. கேட்கிற வேலையை மட்டும் நீ செய்யாதே, பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள். காது டாக்டரிடம் எந்தத் தேதி வாங்கினாய் என்பதையும் அதே தாளில் எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைவாசி