நைலாண்டருக்கு ஒரு வரி போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் சென்ற வாரம் வெளியான லைக்கன்கள் பற்றிய கட்டுரையை விரும்பிப் படித்தேன். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் கூட்டுயிரே லைக்கன் என்று சுவிட்சர்லாந்தின் சைமன் ஷ்வெண்டனர் 1867-இல் அறிவித்த வரலாற்றை விரிவாகச் சொன்ன கட்டுரையாளர், அதைக் கடைசிவரை எதிர்த்த வில்லியம் நைலாண்டரைப் ‘பிடிவாதக்காரர்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். தாவரவியல் ஆசிரியராக இருந்த காலத்தில் நானும் அவரை வகுப்பில் அப்படித்தான் அறிமுகப்படுத்தி வந்தேன் என்பதால், கட்டுரையாளரைக் குறைசொல்ல எனக்குத் தகுதியில்லை. விடுபட்டதை மட்டும் எழுதுகிறேன்.

நைலாண்டர் 1822-இல் பின்லாந்தின் ஊலு நகரில் பிறந்தவர். மருத்துவம் படித்தவர்; எறும்புகளையும் தேனீக்களையும் ஆராய்ந்தவர்; பிறகு லைக்கன்கள் பக்கம் வந்து அங்கேயே நிலைத்துவிட்டார். ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் கிடைத்த தாவரவியல் பேராசிரியர் பதவியை 1863-இல் உதறிவிட்டுப் பாரிசுக்குச் சென்றவர், 1899-இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார்.

பாரிசின் லக்சம்பர்க் பூங்கா மரங்களில் வளர்ந்த லைக்கன்களைப் பட்டியலிட்டு 1866-இல் அவர் வெளியிட்ட கட்டுரைதான் அவரை நாம் நினைவில் வைத்திருக்க வேண்டியதற்கு முதற்காரணம். நகரின் பிற பகுதிகளில் அரிதாகிவிட்ட இனங்கள் அந்தப் பூங்காவில் மட்டும் தழைத்திருப்பதைக் கண்ட அவர், காற்று எவ்வளவு தூய்மையாக இருக்கிறது என்பதை லைக்கன்களைக் கொண்டே அளந்துவிடலாம் என்று எழுதினார். லைக்கனுக்கு வேர் கிடையாது. இலையின் மேல் மெழுகுப் பூச்சு இருப்பதுபோன்ற காப்பும் கிடையாது. மழையிலும் காற்றிலும் வருவது எதுவானாலும் உடல் முழுவதாலும் உறிஞ்சிக்கொள்ளும். நிலக்கரிப் புகையின் கந்தக டை ஆக்சைடு அதைக் கொல்வது இதனால்தான். ஏறத்தாழ நூறாண்டுக்குப் பின், 1970-இல், ஹாக்ஸ்வொர்த், ரோஸ் என்னும் இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் மரங்களில் வளரும் லைக்கன்களை வைத்து இந்த வாயுவின் அளவை மதிப்பிடும் அளவுகோலை வகுத்தபோது, அவர்கள் நடந்தது நைலாண்டர் போட்ட பாதையில்தான்.

அதே 1866-இல் அவர் இன்னொன்றும் செய்தார். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் இனங்களைப் பிரித்தறிய, பொட்டாஷ் கரைசலையும் பிளீச்சிங் பவுடர் கரைசலையும் சொட்டுவிட்டுப் பார்க்கும் முறையைப் புகுத்தினார். மஞ்சளும் ஆரஞ்சுமாக மரப்பட்டையில் ஒட்டியிருக்கும் சாந்தோரியா என்னும் லைக்கனின் மேல் ஒரு சொட்டுப் பொட்டாஷ் விட்டால், அந்த இடம் மட்டும் நொடியில் கருஞ்சிவப்பாக மாறும். முதன்முறை இதைக் கண்ட என் மாணவர்கள் பாடப்புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, பாட்டிலைத் தங்களிடம் தரும்படி கேட்டார்கள். களத்துக்குப் போகும் லைக்கன் ஆய்வாளர் பையில் இந்தக் கரைசல்கள் இன்றும் இருக்கின்றன.

அவர் பிடிவாதக்காரர் என்பதில் ஐயமில்லை. சக ஆய்வாளர்கள் பலரோடும் சண்டையிட்டு, நண்பர்களை இழந்து, ஆயிரக்கணக்கான இனங்களுக்குப் பெயரிட்டபடியே தனித்துப்போனார். 50,000-க்கும் மேற்பட்ட மாதிரிகள் கொண்ட அவருடைய சேகரிப்பு, அவர் விட்டு வந்த ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்திடமே போய்ச் சேர்ந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், கந்தக வாயு லைக்கனுக்குள் முதலில் தாக்குவது பெரும்பாலும் ஒளிச்சேர்க்கை செய்யும் பாசியைத்தான். லைக்கனுக்குள் தனி உயிராகப் பாசி இருக்கிறது என்பதையே ஒப்புக்கொள்ளாதவரின் கண்டுபிடிப்புக்கு, எதிராளியின் கோட்பாட்டைக் கொண்டுதான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது.

கட்டுரையாளர் இதன் தொடர்ச்சியை எழுதுவதாக இருந்தால், லக்சம்பர்க் பூங்காவிலிருந்து அவர் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர் ஒருவர்