கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன்

கணபதி, கோவை

அன்புள்ள ரவிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலிதான் அப்படியே இருக்கிறது. பெரியவள் பாலிடெக்னிக்கில் சேர்ந்துவிட்டாள், மெக்கானிக்கல். ஒண்டிப்புதூர் மாமா இன்னமும் உன்னை "அந்த டயல் திருடன் எங்கே?" என்றுதான் விசாரிக்கிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஓசூர் வீட்டை பேங்கில் வைத்து உன் ஷாப்புக்கு இன்னொரு விஎம்சி, அதுதான் கம்ப்யூட்டரில் ஓடும் மில்லிங் மிஷின், வாங்கப் போகிறாய் என்று உன் தம்பி சொன்னான். கேட்டதிலிருந்து மனசு சரியில்லை. போனில் பேசினால் "சரிடா, சரிடா" என்று வைத்துவிடுவாய். அப்ரண்டிஸ் காலத்திலேயே மிஷின் கேடலாக் கையில் கிடைத்தால் சாப்பாட்டை மறக்கிறவன் நீ. அதனால்தான் எழுதுகிறேன்.

நீ சொல்லும் காரணம் ரெண்டு. மதியத்துக்கு மேல் செய்கிற ஜாப்பின் சைஸ் மாறிவிடுகிறது, மிஷின் தேய்ந்துவிட்டது என்பது ஒன்று. ஆர்டருக்கு மிஷின் போதவில்லை என்பது இன்னொன்று. ரெண்டையும் நான் இங்கே பார்த்தாகிவிட்டது.

ஆடி மாசம் ஒரு லாட் திரும்பி வந்தது. அலுமினியம் ஹவுசிங், 40 எம்எம் போர், அதாவது துளை, எச்7 அளவு. அளவில் விட்டுக்கொடுக்கும் டாலரன்ஸ் மொத்தமே 25 மைக்ரான், அதாவது 0.025 எம்எம். அனுப்பும்போது எல்லாம் ஓகே, அங்கே போனதும் அண்டர்சைஸ். செட்டர், டூலைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் பேரிங்கைக் கழற்ற வேண்டும் என்றார். நம்ம இன்ஸ்பெக்‌ஷன் பொண்ணு மட்டும், காலையில் ஓடின ஜாப்பில் கம்ப்ளெயின்டே இல்லையே என்று கேட்டாள். ரவி, அந்த ஒரு கேள்வியில்தான் எல்லாம் அவிழ்ந்தது.

கணக்கு எளிது. அலுமினியம் ஒரு டிகிரி சூட்டுக்கு மீட்டருக்கு 23 மைக்ரான் விரியும். மதியத்துக்கு மேல் கூலண்ட் டேங்கே சூடாகிவிடுகிறது. ஜாப் 15 டிகிரி கூடுதலாக வெளியே வந்தால் 40 எம்எம் போர் கிட்டத்தட்ட 14 மைக்ரான் பெரிசாகக் காட்டும். டாலரன்ஸில் பாதிக்கு மேல் அதிலேயே போய்விட்டது! ஆபரேட்டர் சூடான ஜாப்பில் போர் கேஜை விட்டுப் பார்த்து துளை பெரிசென்று நினைத்து ஆஃப்செட்டை, அதாவது மிஷினில் போட்ட டூல் அளவை, குறைப்பான், ஆறினதும் போர் சுருங்கி நிற்கும். மிஷின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

ஆற வைத்து அளந்தால் போதும் என்றுதான் முதலில் தோன்றும். போதாது. அளவுக்கெல்லாம் உலகம் முழுக்க 20 டிகிரிதான் கணக்கு. கஸ்டமர் ஏசி ரூமில் அளக்கிறார், நம் ஷெட்டில் சாதாரணமாகவே 33. கேஜைச் சரிபார்க்கும் மாஸ்டர் ரிங் இரும்பு, அது அலுமினியத்தில் பாதிதான் விரியும். ரெண்டையும் ஒரே மேஜையில் வைத்து ஆறவிட்டால்கூட ஜாப் 6 மைக்ரான் பெரிசாகக் காட்டும். இப்போது அதே அலுமினியத்தில் மாஸ்டர் செய்து, 20 டிகிரியில் அளந்து சர்டிஃபிகேட் வாங்கி, ஜாப்போடு ஒன்றாக வைத்து ஒப்பிடுகிறோம். சூடான ஜாப்பைப் பார்த்து யாரும் ஆஃப்செட் தொடக் கூடாது. காலையில் ஸ்பிண்டிலை வெறுமனே ஓட்டிச் சூடேற்றின பிறகுதான் முதல் ஜாப். அதற்குப் பிறகு அந்த ஹவுசிங் திரும்பி வரவில்லை.

துளை குடையும் உன் போரிங் பாரையும் ஒரு தடவை பார். நீட்டம் ரெட்டிப்பானால் வளைவு எட்டு மடங்கு. உன் ஆள் எல்லாவற்றுக்கும் அந்த நீளப் பாரையே மாட்டுவான், எனக்குத் தெரியும்.

அப்புறம் மிஷின் போதவில்லை என்கிறாயே, அதைத்தான் நான் நம்பவே மாட்டேன். ஒவ்வொரு மிஷினிலும் ஒரு நோட்டைத் தொங்கவிட்டு, ஸ்பிண்டில் நின்றால் ஏன் நின்றது என்று எழுதச் சொன்னேன். ஜாப்பைப் பிடிக்கும் ஜா தேடினது. எல் கீ தேடினது. வெட்டும் முனை, அந்த இன்சர்ட், வைக்கும் ஸ்டோர் சாவி ஒருத்தர் பாக்கெட்டில். முதல் ஜாப் ஓகே ஆவதற்குக் காத்திருந்தது. படிக்கப் படிக்க வயிறு எரிந்தது. மாசா மாசம் தவணை கட்டும் மிஷின், சாவிக்காக நிற்கிறது.

ஷிகியோ ஷிங்கோ என்று ஒரு ஜப்பான்காரர். 1969இல் டொயோட்டாவில் 1000 டன் பிரஸ் ஒன்றுக்கு டை, அதாவது அச்சு, மாற்ற 4 மணி நேரம் ஆகிக்கொண்டிருந்தது. அதை முதலில் 90 நிமிஷமாக்கினார், பிறகு 3 நிமிஷமாக்கிக் காட்டினார். பிரஸ் அதேதான். மிஷின் ஓடும்போதே செய்யக்கூடிய வேலையையெல்லாம் மிஷின் நிற்கும் நேரத்திலிருந்து வெளியே எடுத்தார், அவ்வளவுதான். நாங்களும் அதைத்தான் செய்தோம். அடுத்த லாட்டுக்கு வேண்டிய சாஃப்ட் ஜா, டூல், கேஜ், டிராயிங் எல்லாம் இந்த லாட் முடியும் முன்பே ஒரு டிராலியில் மிஷின் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். ஜாவில் பார்ட் நம்பர் பஞ்ச். டூல் நீளம் வெளியிலேயே அளந்து ரெடி. ரெண்டு மணி நேரம் இழுத்த செட்டிங் இப்போது முக்கால் மணிக்குள் முடிகிறது. ஒரு நாளைக்கு ரெண்டு தடவை செட்டிங் மாற்றும் ஷாப்பில் இது எவ்வளவு என்று நீயே கூட்டிப் பார்.

நம்ம ஃபோர்மேன் அண்ணன் கடைசி வரை வாடகை வீட்டில் இருந்தது ஏன் என்று உனக்கும் தெரியும். நல்ல வேலைக்காரர், நல்ல மிஷின்கள், கடனில் போனது எல்லாம். அந்த ஷெட்டை ஏலம் விட்ட அன்று நாம் ரெண்டு பேரும்தான் அவர் பக்கத்தில் நின்றோம். சாரதாவும் பிள்ளைகளும் இருக்கும் வீட்டை நீ அந்தக் கணக்கில் கொண்டுபோய் வைக்காதே.

ஒரு வாரம் நோட்டைத் தொங்கவிடு. எழுதினதை அப்படியே எனக்கு அனுப்பு, திருத்தாமல். ஸ்பிண்டில் நிஜமாகவே நிற்க நேரமில்லாமல் ஓடுகிறது என்று அதில் தெரிந்தால் மிஷினை வாங்கு, ஜாமீன் கையெழுத்தை நானே வந்து போடுகிறேன்.

பேங்கில் என்றைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று எழுது. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஓசூர் வருகிறேன். போர் கேஜையும் ரிங்கையும் எடுத்து வை.

உன்,
சண்முகம்