பிளஸ் டூ டீச்சரான மகளுக்கு

அன்பு பாப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. ரிசல்ட் நெருங்க நெருங்க, எந்தப் பிள்ளையாவது உயிரை மாய்த்துக்கொள்ளுமோ என்று பயமாக இருக்கிறது, பிள்ளைகளிடம் என்ன பேசுவதென்றே தெரியவில்லை என்று போனில் சொன்னாய். போனில் எனக்குப் பேச்சு பாதிதான் வரும், அதனால்தான் எழுதுகிறேன்.

உரக்கடைக்காரனுக்கு இதில் என்ன தெரியும் என்று நினைக்காதே. பூச்சிமருந்து விற்கிறவன் இதை யோசிக்காமல் இருக்க முடியாது. செத்துப்போகலாம் என்ற வேகம் பிள்ளைகளுக்குப் பல சமயம் கொஞ்ச நேரம்தான் நிற்கும். அந்த நேரத்தில் கைக்கு எட்டுகிற தூரத்தில் எதுவும் இல்லையென்றால் பாதிக் கண்டம் தாண்டிவிடும்.

இலங்கையைப் பார். 1995 வாக்கில் அங்கே வருஷத்துக்கு லட்சத்தில் 47 பேர் தற்கொலையில் போனார்கள். கொடிய பூச்சிமருந்துகளை அரசாங்கம் ஒவ்வொன்றாகத் தடை செய்தது. போர் நடந்துகொண்டிருந்தபோதே எண்ணிக்கை இறங்க ஆரம்பித்து, இருபது வருஷத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது. வறுமை ஒழிந்து நடந்த காரியமில்லை இது. விளைச்சலும் குறையவில்லை. கடையில் இதைச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

நம்ம காட்டுமன்னார்கோவில் பக்கமே மனநல டாக்டர் லட்சுமி விஜயகுமார் குழு கிராமத்தில் பொது இடம் கட்டி, விவசாயிகளுக்கு லாக்கர் கொடுத்துப் பார்த்தார்கள். வயலுக்குப் போகும்போது மருந்தை எடுக்க வேண்டியது, மிச்சத்தைத் திரும்பக் கொண்டுவந்து வைத்துப் பூட்ட வேண்டியது. வீட்டுக்குள் டப்பா வராது.

அதனால் ரிசல்ட்டுக்கு முன்னாலேயே பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசு. மருந்து வீட்டில் இருக்க வேண்டாம், அன்றைக்குப் பிள்ளையைத் தனியாக விட வேண்டாம், பக்கத்து வீட்டு மார்க்கை இழுக்க வேண்டாம். ஃபெயிலானால் ஒரு வருஷம் போச்சு என்று இன்னும் நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். துணைத் தேர்வு எழுதி இந்த வருஷமே காலேஜ் சேரலாம் என்று அவர்களுக்கு எடுத்துச் சொல். பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கைச் சொற்பொழிவு மட்டும் வைக்காதே, கொட்டாவிதான் விடுவார்கள்.

ஒரு பிள்ளை திடீரென்று ஒதுங்கினாலோ, "நான் இல்லேன்னா எல்லாருக்கும் நிம்மதி" என்று சொன்னாலோ, சுற்றி வளைக்காமல் நேராகவே கேள்: "செத்துப்போகலாம்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாமல் கூடவே இரு, வீட்டுக்குச் சொல், டாக்டரிடம் அழைத்துப் போ. மனநல உதவிக்கான 14416, அரசு சுகாதார உதவிக்கான 104, இரண்டு போன் நம்பரையும் கரும்பலகை ஓரத்தில் எழுதிவை. எந்த நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது. உனக்கே மனசு கனத்தாலும் அதே நம்பர்தான். அப்பாவையும் எழுப்பலாம், பாதி ராத்திரியானாலும்.

பெற்றோர் கூட்டத்துக்குத் தேதி வைத்தால் சொல். கடையைச் சாத்திவிட்டு வருகிறேன். டப்பாவை வீட்டில் வைக்காதே என்று டீச்சர் சொல்வதைவிட, அதை விற்கிறவன் சொன்னால் அப்பன்மார்கள் கொஞ்சம் கேட்பார்கள்.

அன்புடன்,
அப்பா