பால் காய்ச்சும் முன்பே வாடகை ஒப்பந்தம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லிடைக்குறிச்சியில் நாற்பது ஆண்டுகள் குடியிருந்த வளவு வீட்டைப் பங்காளிகள் விற்பதென்று முடிவு செய்துவிட்டதால், ஆடி பிறப்பதற்குள் நானும் என் மனைவியும் பாளையங்கோட்டையில் ஒரு வாடகை வீட்டுக்குக் குடிவந்தோம். அதே ஆண்டு ஐப்பசியில், ஷார்ஜாவில் இருக்கும் எங்கள் மகளின் பேறுகாலத்துக்கு நாங்கள் இருவரும் போக வேண்டியிருந்தது. வீடு மாறுவதும் வெளிநாடு போவதும் இன்று எல்லாக் குடும்பங்களிலும் நடப்பவைதாம். ஆனால் இரண்டும் ஒரே பருவத்தில் சேர்ந்து வந்ததில் நாங்கள் பட்ட பாட்டுக்கு ஒற்றைக் காரணம் இருந்தது. அதைச் சொல்லவே இக்கடிதம்.

வீடு மாறியதில் பெரிய சங்கடம் ஒன்றுமில்லை. இரண்டு குட்டியானை வண்டிகளில் சாமான்கள் வந்து சேர்ந்தன. தரை ஓடு உடைந்துவிடும் என்று வீட்டுக்காரர் சொன்னதால் ஆட்டுரல் மட்டும் மாடி ஏறாமல் இன்றுவரை வாசலில் கிடக்கிறது. உப்பும் மஞ்சளும் நிறைகுடமும் முதலில் உள்ளே போயின, பால் காய்ச்சி அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்தோம். ஒருவர் குடிவந்துவிட்டார் என்பதற்கு நம் ஊரில் அதைவிடச் சாட்சி தேவையில்லை. அரசு அலுவலகத்துக்கோ காகிதம் வேண்டும்.

என் கடவுச்சீட்டு அந்த ஆண்டு மார்கழியில் காலாவதியாக இருந்தது. பயண நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதமாவது அது செல்லுபடியாக வேண்டும் என்பது ஐக்கிய அரபு அமீரகத்தின் விதி என்பதால், புதுப்பிக்க விண்ணப்பிக்கும் கட்டாயம் வந்தது. புதிய முகவரிக்குச் சான்று தேடியபோதுதான் கையில் எதுவுமில்லை என்பது உறைத்தது. மின்கட்டண அட்டை வீட்டுக்காரர் பெயரில் இருந்தது, எரிவாயு இணைப்பு இன்னும் மாற்றலாகி வரவில்லை, ஆதாரிலும் வாக்காளர் அட்டையிலும் பழைய தெருவின் பெயரே நின்றது. ஆதாரில் முகவரியை மாற்ற வாடகை ஒப்பந்தம் உதவும் என்றார்கள். முன்பணத்தை எண்ணி வாங்கிக்கொண்ட வீட்டுக்காரரிடம் ஒப்பந்தம் கேட்டதும், "உங்களைப் போல வாத்தியாருக்கு எதுக்கு சார் எழுத்து? வாய்ச்சொல் போதாதா?" என்று சிரித்தார். பாராட்டு என்று நினைத்து நானும் பேசாமல் வந்துவிட்டேன். அது என் முதல் தவறு.

இரண்டாவது தவறு அதைவிடப் பெரியது. ஆதாரில் உள்ளபடியே பழைய முகவரியைக் கொடுத்து விண்ணப்பித்தேன். திருநெல்வேலி கடவுச்சீட்டு சேவை மையத்தில் புகைப்படமும் கைரேகையும் எடுத்து, சான்றுகளைப் பார்த்து, அரைநாளுக்குள் அனுப்பிவிட்டார்கள். அதன்பின் காவல்துறை சரிபார்ப்புக்காக வந்தவர் பழைய வீட்டில் பூட்டு தொங்குவதைக் கண்டு பக்கத்து வீட்டில் விசாரிக்க, அந்த அம்மாள், "அவுக குடிமாறிப் போயி ரெண்டு மாசமாச்சே" என்று உள்ளதைச் சொல்லியிருக்கிறார்கள். விண்ணப்பதாரர் அம்முகவரியில் இல்லை என்று அறிக்கை போய்விட்டது. வந்தவர் மீது குறையில்லை, விண்ணப்பத்தில் இருந்த என் கைப்பேசி எண்ணுக்கு ஒருமுறை அழைத்திருக்கலாம் என்பதைத் தவிர. கடவுச்சீட்டுக்காகத் தவறான தகவல் தருவது 1967ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதை, முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்குக் குடிமையியல் நடத்திய நான் மதுரை மண்டல அலுவலகத்தில் விளக்கக் கடிதத்தோடு காத்திருந்தபோதுதான் நினைத்துப் பார்த்தேன்.

இதற்கிடையில் பயண நாள் வந்துவிட்டது. என் மனைவியின் கடவுச்சீட்டு செல்லுபடியாக இருந்ததால், உள்ளூர்ப் பேருந்தில்கூடத் தனியாக அதிகம் போகாத அவள், கைப்பையில் மகளின் முகவரியை மூன்று தாள்களில் எழுதி வைத்துக்கொண்டு திருவனந்தபுரத்திலிருந்து விமானம் ஏறினாள். அங்கும் ஒரு தடை வந்தது. கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்கள் சுற்றுலா, வருகை விசாக்களில் வருவதற்கு அமீரகம் 2022 நவம்பர் 21 முதல் கட்டுப்பாடு விதித்திருக்கிறது. குடும்பப்பெயர் என்ற வழக்கமே இல்லாமல் முன்னெழுத்தோடு வாழும் நமக்குத்தான் இதனால் சிக்கல் அதிகம். மறுபக்கத்தில் தந்தை பெயர் இருப்பதைக் காட்டிய பிறகே அவளை அனுமதித்தார்கள். மகளுக்கென்று கட்டிய மசாலாப் பொட்டலங்களிலிருந்து கசகசாவை முதல் நாள் இரவே பிரித்தெடுத்துவிட்டோம், அந்த நாட்டில் அது தடைசெய்யப்பட்ட பொருள் என்பதால். எண்ணெய்ப் பிசுக்குள்ள கொப்பரைக்கு விமானத்தில் இடமில்லை என்பதால் அதுவும் வீட்டிலேயே தங்கியது.

புதிய முகவரிக்கு முறையான ஒப்பந்தம் எழுதி, மறுபடியும் சரிபார்ப்பு முடிந்து, என் கடவுச்சீட்டு கைக்கு வந்தபோது பேத்தி பிறந்து இருபது நாளாகியிருந்தது.

வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தமிழ்நாட்டுச் சட்டம் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கெனத் தனி இணையதளமும் உண்டு. அப்படியிருந்தும் எங்கள் தெருவில் நான் விசாரித்த வாடகைக் குடித்தனக்காரர்களில் ஒருவரிடம்கூடப் பதிவு செய்த ஒப்பந்தம் இல்லை. எழுதிக் கொடுத்தால் குடியிருப்பவர் காலி செய்யமாட்டார் என்றும், வீட்டுவரி கூடிவிடும் என்றும் வீட்டுக்காரர்கள் அஞ்சுகிறார்கள். எழுத்தில் காலவரை குறித்திருந்தால் காலி செய்யச் சொல்வது அவர்களுக்குத்தான் எளிது என்பதை யாராவது அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். மாநகராட்சி வார்டு தோறும் ஒரு நாள் முகாம் நடத்தி, வீட்டுக்காரரையும் குடியிருப்பவரையும் ஒன்றாக அமர வைத்து இப்பதிவைச் செய்து கொடுத்தால், வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிள்ளைகளை அனுப்பிவிட்டு வாடகை வீட்டில் இருக்கும் எங்களைப் போன்ற முதியவர்களுக்குப் பேருதவியாக இருக்கும். சரிபார்ப்புக்கு வரும் காவலர்கள், வீடு பூட்டியிருந்தால் அறிக்கை எழுதும் முன் ஒருமுறை தொலைபேசியில் அழைக்க வேண்டும் என்றும் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
பாளையங்கோட்டை.