சின்ன நாட்டுக்குத் தூதராகப் போகும் மகளுக்கு

மதுரை, நரிமேடு.

அன்புள்ள வாசுகிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். நேற்று நீ அப்பாவிடம் பேசியதை நானும் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். தூதராகப் போகிறேன் என்று சொல்கிறவள் குரலில் கொஞ்சமாவது துள்ளல் வேண்டாமா? “மேற்கு ஆப்பிரிக்காப்பா, சின்ன நாடு” என்று இழுத்தாய். உன் பேட்ச்காரர் ஒருவருக்கு ஐரோப்பா கிடைத்திருப்பதையும் அதே மூச்சில் சொன்னாய். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

வரலாறு டீச்சருக்கு மகளாகப் பிறந்துவிட்டாய், கேட்டுத்தான் ஆகவேண்டும். 1661இல் லண்டனுக்குப் புதிதாக வந்த ஸ்வீடன் தூதரை வரவேற்கப் போன இடத்தில், யார் வண்டி முன்னால் போவது என்று பிரான்ஸ் தூதரின் ஆட்களும் ஸ்பெயின் தூதரின் ஆட்களும் நடுத்தெருவில் வெட்டிக்கொண்டார்கள். குதிரையை வண்டியோடு பூட்டிய வாரை எதிராளி அறுத்துவிடக் கூடாதே என்று ஸ்பெயின்காரர்கள் அதற்குள் இரும்புச் சங்கிலி வைத்துத் தோல் சுற்றிக்கொண்டு வந்திருந்தார்களாம். ஆட்கள் செத்தார்கள், குதிரைகளும் செத்தன. நம்மூர்ப் பக்கம் சாமி கும்பிடப் போன இடத்தில் பரிவட்டம் யாருக்கு முதலில் என்று மண்டை உடைகிறதே, அதேதான். சட்டைதான் வேறு.

இந்தக் கூத்தெல்லாம் வேண்டாம் என்றுதான் 1815இல் ஐரோப்பிய நாடுகள் வியன்னாவில் கூடி, பெரிய நாடு சின்ன நாடு பார்க்காமல், யார் முதலில் வந்து பொறுப்பேற்றாரோ அவரே முன்னால் என்று வைத்தார்கள். தூதர்களுக்கான 1961 வியன்னா ஒப்பந்தத்திலும் அதுதான் விதி. அந்த ஊரில் உனக்குப் பின்னால் பொறுப்பேற்கிறவர் வாஷிங்டனிலிருந்து வந்தாலும் வரிசையில் உனக்குப் பின்னால்தான். இதெல்லாம் உனக்குப் பாடமாகவே வைத்திருப்பார்கள். இருந்தாலும் நான் சொல்லிக்கொள்கிறேன்.

பெரிய தலைநகரில் வியாபாரத்துக்கு ஒருவர், பத்திரிகைக்கு ஒருவர், ராணுவத்துக்கு ஒருவர் என்று ஆள் இருப்பார்கள். டெல்லியிலிருந்து மந்திரிகள் வந்த வண்ணம் இருப்பார்கள். ஏர்போர்ட்டில் பூங்கொத்தோடு நிற்பதே பாதி வேலை. நீ போகிற இடத்தில் நீயும் இரண்டு மூன்று அதிகாரிகளும்தான், பக்கத்து நாட்டையும் சேர்த்து நீதான் பார்க்க வேண்டும் என்றாய். பிறகென்ன? அந்தக் கரையிலிருந்து முந்திரிக்கொட்டையும் மரமும் தூத்துக்குடிக்குக் கப்பலில் வந்து இறங்குகின்றன. 2020 ஜூனில் ஐ.நா. பாதுகாப்பு சபைத் தேர்தலில் இந்தியாவுக்கு 192இல் 184 ஓட்டு விழுந்தது. ஐ.நா. பொதுச்சபையில் சீனாவுக்கும் ஒரு ஓட்டு, நீ போகும் நாட்டுக்கும் ஒரு ஓட்டு. அதை டெல்லியிலிருந்து போன் போட்டு மட்டும் வாங்கிவிட முடியுமா? யாரோ ஒருத்தி அங்கே போய் உட்கார்ந்து, அந்த ஊர் நல்லது கெட்டதில் கலந்து பழகியிருக்க வேண்டும்.

பாண்டியன் அகஸ்டஸ் சீசரிடம் தூது அனுப்பினான் என்று அந்தக் காலத்துக் கிரேக்க எழுத்தாளர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார் (பாண்டியனா, போரஸ் என்கிற ராஜாவா என்று அவருக்கே ஒரு சந்தேகம்; எனக்கு இல்லை, நான் மதுரைக்காரி). அன்றைக்கு ரோமாபுரிக்கு நாம்தான் கண்காணாத தேசம்.

முத்தம்மாவை எடுத்துக்கொள். சென்னையில் படித்த குடகுப் பெண், 1949இல் உங்கள் வெளியுறவு சர்வீசில் சேர்ந்த முதல் பெண். 1970இல் அவரைத் தூதராக அனுப்பியது ஹங்கேரிக்கு. அதன் பிறகு கானாவுக்கு. கல்யாணம் செய்துகொள்ளப் பெண் அதிகாரி மட்டும் அரசிடம் அனுமதி வாங்க வேண்டும், குடும்பம் வேலைக்கு இடைஞ்சல் என்று பட்டால் ராஜினாமா செய்யச் சொல்லலாம் என்றெல்லாம் அப்போது விதி. பதவி உயர்வு தராததால் உச்ச நீதிமன்றம் போனார். வழக்கு நடக்கும்போதே சத்தமில்லாமல் உயர்வைக் கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் 1979 தீர்ப்பில் நீதிபதி கிருஷ்ணய்யர் அந்த விதிகளைக் கிழித்துத் தொங்கவிட்டார். உன் கல்யாணத்துக்கு எந்த ஆபீசிலும் மனுப்போட்டுக் காத்திராமல் நாங்கள் பத்திரிகை அடித்தோம் என்றால், அது அந்த அம்மாள் புண்ணியம்.

டி. கல்லுப்பட்டிப் பக்கத்திலிருந்து மஞ்சப்பையோடு நம் வீட்டுக்கு வந்த பெண்ணை நினைவிருக்கிறதா? நீ அப்போது வளைகுடாவில் நம் தூதரகத்தில் செகண்ட் செகரட்டரி. புருஷன் லாரி டிரைவர், மாரடைப்பில் போய் அங்கேயே பிணவறையில் கிடந்தான். அவள் கையில் இருந்தது மடித்து மடித்து நைந்துபோன பாஸ்போர்ட் ஜெராக்ஸ் ஒன்றுதான். நம்பரில் பாதி அழிந்திருந்தது. நான் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, நீ அங்கே எழுதிக்கொண்டாய். இறப்புச் சான்று, உடல் கெடாமல் பதப்படுத்திய எம்பாமிங் சான்று, தூதரகத்தின் தடையில்லாச் சான்று, ரத்து செய்த பாஸ்போர்ட், இத்தனையும் சேர்ந்தால்தான் பெட்டி விமானம் ஏறும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். திருவனந்தபுரத்தில் இறங்கி, ராத்திரியோடு ராத்திரியாக ஊர் வந்து சேர்ந்தது. அந்தப் பெண் இன்னமும் பொங்கலுக்கு ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து உன்னை விசாரித்துவிட்டுப் போகிறாள்.

திருச்செங்கோட்டு போர்வெல் ஆட்கள் ஆப்பிரிக்கா வரைக்கும் போய்த் துளை போடுகிறார்கள். அவர்களில் யாருக்காவது ஒன்று என்றால் சின்ன தூதரகத்தில் அந்த போன் நேரே உனக்குத்தான் வரும். கீழே இருக்கிறவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதே தாயி. பெரிய ஊர்த் தூதருக்கு இது வாய்க்காது.

சாமான் கட்டும்போது இரண்டு பட்டுப்புடவை போதும். நம் ஜனாதிபதி கையெழுத்துப் போட்ட நியமனப் பத்திரத்தை அந்த நாட்டு அதிபரிடம் நீட்டும் அன்றைக்கு அந்த அரக்குச் சுங்குடியைக் கட்டு. அப்பா மஞ்சள் காய்ச்சல் ஊசி விசாரித்துவிட்டார், தூத்துக்குடித் துறைமுகத்தில் போடுகிறார்களாம். அறுபதைத் தாண்டியவர்களுக்கு டாக்டர் பார்த்துச் சொன்னால்தான். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லுமாம். அதனால் எங்களுக்கு டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் தேதியைச் சொல்லிவிடு.

அன்புடன்,
அம்மா