வந்த ரீடிங்கை எழுத விடுங்கள்

மேல்நிலைப் பள்ளி இயற்பியல் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

என் மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். போன மாதம் தனி ஊசல் செய்முறை. நூலில் தொங்கும் குண்டு ஆடும் நேரத்தை வைத்துப் புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிப்பது. ஒரு மீட்டர் நீளம், 20 அலைவுகள், ஸ்டாப் வாட்ச்சில் 38.1 விநாடி. கணக்குப் போட்டதில் புவியீர்ப்பு முடுக்கம் 10.88 வந்தது. '9.8 வரணும், ரீடிங்கை மாத்தி எழுது' என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். வகுப்பே 9.8-லிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு ரெக்கார்டு நோட்டை நிரப்பியிருக்கிறது.

அன்று ராத்திரி ஜன்னல் கம்பியில் அதே ஒரு மீட்டர் நீளத்துக்கு நூல் கட்டி ஒரு சின்னப் பூட்டைத் தொங்கவிட்டோம். எங்கே பிசகியிருக்கும் என்று அவளையே கேட்டேன். நீளத்தை அளந்ததில் இருக்கலாம் என்றாள். சரி, ஒரு சென்டிமீட்டர் தப்பினால் விடை எவ்வளவு மாறும்? போட்டுப் பார்த்தாள். நூற்றில் ஒரு பங்குதான். அவளுக்கு வந்ததோ பத்தில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதல். அப்படியானால் நேரத்தில்தான் கோளாறு. பூட்டை இழுத்து விட்டாள், விட்ட கையோடு 'ஒன்று' என்றாள். சட்டென்று நிறுத்திவிட்டாள். போய்த் திரும்பி வந்தால்தானே ஒன்று? அவள் 20 என்று எண்ணியது 19 அலைவுகள். அப்புறம் 'பூஜ்யம்' என்று தொடங்கி எண்ணினோம். 40 விநாடியைத் தொட்டது, விடையும் 9.8-ஐ நெருங்கியது.

சந்தேகப்படுவது, அதில் எது பெரிய தப்பு, எது சின்னது என்று அளந்து பார்ப்பது, திரும்பச் செய்து சரிபார்ப்பது. ஒரு பூட்டும் நூலும் இவ்வளவையும் கற்றுக்கொடுத்தன. ரீடிங்கை மாற்றச் சொன்ன நிமிடத்தில் இதெல்லாம் அவள் கையைவிட்டுப் போயிருந்தது.

பெரிய வகுப்பு, குறைந்த கருவிகள், முடிக்க வேண்டிய பாடங்கள் என்று உங்கள் நெருக்கடி எனக்குத் தெரியும். அதனால் புதிதாக எதையும் கேட்கவில்லை. வந்த ரீடிங்கை அப்படியே எழுத விடுங்கள். அதன் கீழே 'ஏன் இப்படி வந்தது' என்று நாலு வரி எழுதச் சொல்லுங்கள். அந்த நாலு வரிக்கு மதிப்பெண் கொடுங்கள். வேறு பள்ளிக்குச் செய்முறைத் தேர்வு நடத்த எக்ஸ்டர்னலாகப் போகும் இடத்திலும் அதையே கேளுங்கள். பூமத்திய ரேகையில் 9.78, துருவத்தில் 9.83 என்று அந்த மதிப்பே இடத்துக்கு இடம் மாறுகிறது. அத்தனை பிள்ளைகளுக்கும் ஒரே விடை வந்தால் அதையல்லவா நாம் சந்தேகப்பட வேண்டும்?

என் மகளின் நோட்டில் இப்போது 9.8 என்றுதான் இருக்கிறது. அதை அடித்துவிட்டு 10.88 என்று எழுதி, எண்ணியதில் நடந்த தவறையும் கீழே எழுதலாமா என்று கேட்கிறாள். எழுதலாம் என்று நீங்கள் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் அப்பா