சென்னிமலை வட்டார பெற்றோர் சங்கம்: இந்த வருச ஆண்டறிக்கை (செயலாளர் வாசிச்சது)

எல்லாருக்கும் வணக்கமுங்க. டிஸ்லெக்ஸியா, அதாவது அறிவு இருந்தும் வாசிக்கறது எழுதறது வராம சிரமப்படற கற்றல் குறைபாடு, அது இருக்கற கொழந்தைங்களோட பெத்தவங்க சேந்த சங்கமுங்க இது. போன வருசம் ஆண்டறிக்கைய ஒரு தமிழ் வாத்தியார்கிட்ட குடுத்து திருத்தி வாசிச்சேன், பாதிப்பேருக்கு தூக்கம் வந்திருச்சுன்னு பொறவு காதுல விழுந்துச்சு, அதனால இந்தவாட்டி பேசற மாதிரியே எழுதிட்டேன், தலைவர் அய்யா மன்னிச்சுக்கோணும்.

மொதல்ல கணக்க முடிச்சுக்கறேன். 34 குடும்பமா இருந்தோம், இப்ப 41. மாசம் ஒண்ணுன்னு 12 கூட்டம் போடோணும், 9 தான் நடந்துச்சு, ரெண்டு முகூர்த்த நாள்ல மாட்டிக்கிச்சு, ஒண்ணு எங்கூர் நோம்பியால நின்னுச்சு, அது என் தப்பு. சந்தா பாக்கி இருக்கறவங்க பேர வாசிக்க வேண்டாம்னு பொருளாளர் அக்கா சொல்லிட்டாங்க, நல்லதாப் போச்சு, வாசிச்சா எம்பேரும் வரும். வரவு செலவு அவங்க தனியா வாசிப்பாங்க. கூட்டத்துக்கு எடம் குடுக்கற நெசவாளர் சொசைட்டிக்காரங்களுக்கு நன்றி.

இனி விசயத்துக்கு வர்றேன். இந்த வருசம் நம்ம கொழந்தைங்க 11 பேருக்கு டிஸ்லெக்ஸியா அசெஸ்மென்ட் முடிஞ்சுது. அதுல சர்ட்டிபிகேட் வரைக்கும் போனது 6 பேரு. அந்த ரிப்போர்ட்ட க்ளாஸ் டீச்சர் கையில எடுத்து படிச்சாங்களான்னு விசாரிச்சா, 3 பேருக்குத்தான். இந்த 11, 6, 3 தான் எனக்கு வருசம் பூரா வெசனம்.

டெஸ்ட் எடுக்கறதே லேசில்லீங்க. மொதல்ல கண்ணு, காது சரியா இருக்கான்னு பாக்கோணும், பொறவு ஐக்யூ டெஸ்ட், அதுக்கப்புறம்தான் வாசிக்கறது எழுதறது கணக்குன்னு தனித்தனியா நிம்ஹான்ஸ் டெஸ்ட் (பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரி உண்டாக்குனது) வெச்சு பாப்பாங்க, எல்லாம் ஒரே நாள்ல முடியாது, பஸ் புடிச்சு நாலு தடவை போய்ட்டு வந்த குடும்பமெல்லாம் இருக்குது. 2018ல வந்த விதிமுறைல 8 வயசு ஆனாத்தான் சர்ட்டிபிகேட், மறுபடி 14ல ஒருக்கா, 18ல ஒருக்கா பாக்கோணும், 18ல குடுக்கறது ஆயுசுக்கும் செல்லும்னு இருந்துச்சு. அதுக்காக 8 வயசு வரைக்கும் சும்மா உக்காந்திருக்கோணும்னு இல்லைங்க, சொல்லிக்குடுக்கறத நாளைக்கே ஆரம்பிக்கலாம், அதுக்கு எந்த சீலும் வேண்டாம்.

ஒரு எடத்துல தமிழ் மீடியத்துல நாலாவது படிக்கற பையனுக்கு இங்கிலீஷ்ல மட்டும் வாசிக்க வெச்சு ரிப்போர்ட் எழுதிக் குடுத்துட்டாங்க, இங்கிலீஷே சரியா சொல்லிக்குடுக்காத பையன் அதுல தடுமாறுனா அத வெச்சு என்னத்த கண்டுபுடிக்கறது, தமிழ்லயும் பாருங்கன்னு அவங்கம்மா போய் நின்னதுக்கப்புறம்தான் பாத்தாங்க. நீங்களும் டெஸ்டுக்கு முன்னாடியே எந்த பாசைல வாசிக்க வெப்பீங்கன்னு கேட்டுக்கோங்க.

சரி, சர்ட்டிபிகேட் ஏன் 6 பேரோட நின்னுச்சு. அலைச்சல் ஒரு காரணம். பெரிய காரணம் வீடு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 21 வகை மாற்றுத்திறன் இருக்குது, அதுல இந்த கற்றல் குறைபாடும் ஒண்ணு, அதனால கைல குடுக்கற காகிதம் மாற்றுத்திறனாளி சர்ட்டிபிகேட்தான். அத பாத்ததும் பெரியவங்க, "ஏங்கண்ணு, நல்லா ஓடியாடற புள்ளைக்கு இத வாங்கி வெச்சா நாளைக்கு ஒறம்பரைக்குள்ள பொண்ணு குடுப்பாங்களா"ங்கறாங்க. நான் மத்தவங்கள கொறை சொல்லலைங்க, எங்க மாமியார் கேட்டதும் இதேதான், நானும் எம்பையன் ரிப்போர்ட்ட அவன் ஜாதகத்தோட ஒட்டுக்கா பீரோவுல வெச்சு பூட்டிட்டேன், ஒரு வருசம் அங்கயே கெடந்துச்சு, அந்த ஒரு வருசமும் பள்ளிக்கூடத்துல அவனுக்கு சோம்பேறின்னுதான் பேரு. அந்த காகிதத்த யார்கிட்ட காட்டறதுன்னு முடிவு பண்றது நம்ம கைலதான் இருக்குது, நோட்டீஸ் போர்டுல ஒட்டச் சொல்லி யாரும் சொல்லல, இத எங்க மாமியாருக்கு புரிய வெக்க எனக்கு மூணு தீவாளி ஆச்சு.

பள்ளிக்கூடத்துக்கு ரிப்போர்ட் போனாலும் அது எட்டு பக்கம் இங்கிலீஷு, பூரா நம்பரு. நாப்பது புள்ளைங்கள வெச்சுட்டு இருக்கற டீச்சர் அத எப்ப படிப்பாங்க, பாவம். அதனால ஆடில இருந்து ஒரு வேலை செஞ்சோம். ஒவ்வொரு ரிப்போர்ட்டையும், இந்த மாதிரி கொழந்தைங்களுக்கு சொல்லிக்குடுக்கற ஸ்பெஷல் எஜுகேட்டர் மேடத்தோட உக்காந்து ஒரே பக்கம் தமிழ்ல எழுதி மேல வெச்சு பின் அடிச்சோம். இவன எல்லார் முன்னாடியும் சத்தமா வாசிக்கச் சொல்லாதீங்க, போர்டுல இருக்கறத எழுதிக்க எச்சு நேரம் குடுங்க, எழுத்துப் பிழைக்கு சிவப்பு மையில வட்டம் போடாதீங்க, பாடம் தெரியுமான்னு வாயில கேட்டுப் பாருங்க. அவ்வளவுதான். நான் மேல சொன்ன 3 பேரும் இந்த ஒரு பக்கத்தால வந்தவங்க. பள்ளிக்கூடத்துல யாராச்சும் இதெல்லாம் எங்க வேலையான்னு கேட்டா, அதே 2016 சட்டத்தோட 16வது பிரிவ காட்டுங்க, இந்த மாதிரி கொழந்தைங்கள சீக்கிரமா கண்டுபுடிச்சு அதுக்குத் தகுந்த மாதிரி சொல்லிக்குடுக்கோணும்னு எழுதியிருக்குது. சண்டை மட்டும் போடாதீங்க, புள்ளை அங்கதான் படிக்கோணும்.

பத்தாவது படிக்கற புள்ளைங்க வீட்டுக்காரங்க இத கவனிச்சு கேளுங்க. பொதுத்தேர்வுல ஒரு மணி நேரம் எச்சு, சொல்றத எழுதறதுக்கு ஆளு, ஒரு மொழிப்பாடத்துல விலக்கு, இதெல்லாம் ஸ்டேட் போர்டுல கேக்கலாம், சிபிஎஸ்இல மணிக்கு 20 நிமிசம் எச்சு. எல்லாம் ஹெட்மாஸ்டர் மூலமா முன்கூட்டியே போகோணும், ஹால் டிக்கெட் வந்ததுக்கப்புறம் ஓடாதீங்க, இந்த வருசம் ஒரு குடும்பம் அப்படி ஓடுச்சு. சர்ட்டிபிகேட்ல குறைபாட்டு சதவீதம் 40க்கு கீழன்னு வந்துட்டா அத்தோட போச்சுன்னு நெனைக்காதீங்க, 2021ல சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பு குடுத்து, 2022ல அதுக்கு வழிமுறையும் வந்துருச்சு, எழுதறதுல சிரமம்னு டாக்டர் சர்ட்டிபிகேட் இருந்தா எழுதறதுக்கு ஆளு கேக்கலாம்.

ஆளு கெடைச்சா மட்டும் போதாதுங்க. நம்ம அம்மிணி ஒருத்தி மாடல் எக்ஸாம்ல மொதத் தடவையா பக்கத்துல எழுதற அக்காவ பாத்ததும் வாயே தொறக்கல. பதில் பூரா தெரியும். ஒரு ஆளுகிட்ட சொல்லி எழுத வெச்சு பழக்கமே இல்லை. எங்க பத்தி பிரிக்கோணும், படத்துல எங்க பேர் எழுதோணும்னு சொல்லத் தெரியோணுமல்லோ. இனி காலாண்டுல இருந்தே பழக்கோணும்னு கமிட்டில முடிவு பண்ணியிருக்கோம், காலேஜ் புள்ளைங்க ரெண்டு பேரு ஞாயித்துக்கெழமை வர்றேன்னுருக்காங்க.

டியூசன் விசயம். "டிஸ்லெக்ஸியா ஸ்பெஷலிஸ்ட்"னு போர்டு போட்டவங்கள எல்லாம் நம்பாதீங்க, ஸ்பெஷல் எஜுகேட்டர்னா ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு நம்பர் இருக்கும், கேளுங்க, இருக்கறவங்க கோவிச்சுக்க மாட்டாங்க. ஞாபகசக்தி டானிக், கலர் கண்ணாடி, இதுக்கெல்லாம் காசு செலவு பண்ண வேண்டாம். வல்லாரைய தொவையல் அரைச்சு தின்னுங்க, நல்லாருக்கும், ஆனா கொம்பும் காலும் அதுல வராது.

கொம்புன்னதும் மார்கழி கூட்டம் நெனப்பு வருது. அன்னிக்கு மேடம் ஒரு விசயம் சொன்னாங்க, 'கொ'ங்கற எழுத்துல காதுக்கு மொதல்ல கேக்கறது 'க்', கண்ணுக்கு மொதல்ல தெரியறது கொம்பு, நம்ம புள்ளைங்க அங்கதான் சிக்கறாங்கன்னு. 'க' ஒண்ணுதான், கடல்ல ஒரு சத்தம், தங்கத்துல ஒரு சத்தம். அதனால ஒவ்வொரு சத்தமா பிரிச்சு, தட்டுல ராகி மாவ பரப்பி, வாயில சொல்லிட்டே வெரல்ல எழுத வெக்கோணும், கண்ணு காது கை மூணும் ஒட்டுக்கா வேலை செய்யற மாதிரி. வாரத்துக்கு ஒருக்கா ஒரு மணி நேரம் பண்றத விட தெனமும் கால் மணி நேரம் மேல்னாங்க. அப்ப பின்னால பேத்தியோட உக்காந்திருந்த அப்புச்சி ஒருத்தரு எந்திரிச்சு, "நாங்க மணல்ல இப்படித்தான் எழுதுனோமுங்க, எனக்கு அப்பவும் வரல"ன்னாரு. எல்லாரும் சிரிச்சுட்டோம். அவரு சிரிக்கல. அம்பது வருசம் தறில உக்காந்தவரு, பெட்ஷீட் பார்டர் கணக்கெல்லாம் மனசுலயே வெச்சிருப்பாராம், இன்னிக்கும் பஸ் போர்ட பக்கத்து ஆளுகிட்டதான் கேப்பாராம், பாடம் வரலைன்னு மூணாவதுலயே நிறுத்தித் தறிக்குழில எறக்கி விட்டுட்டாங்களாம். இது குடும்பத்துல வழிவழியா வரும்னு மேடம் சொன்னதும் பேத்திய பாத்து, "எங்கிட்ட இருந்து வந்துருச்சா சாமி"ன்னாரு. அந்தப் புள்ளை அவரு சட்டைய புடிச்சுட்டே நின்னுச்சு. அன்னிக்கு டீ ஆறியே போச்சு.

அந்தப் பேத்திதான் அந்த 11ல கடைசி ஆளு, சர்ட்டிபிகேட்டுக்கு தேதி வந்திருக்குது, அப்புச்சி கூட்டிட்டுப் போறாரு. ஆஸ்பத்திரில எறங்கற எடம் சொல்றதுக்கு நம்ம சங்கத்துல இருந்து ஒருத்தர் கூட போகோணும், வெள்ளிக்கெழமை காலைல 6 மணி பஸ்ஸு, யார் வர்றீங்கன்னு கூட்டம் முடியறதுக்குள்ள எங்கிட்ட பேர் குடுத்துருங்க.